எந்தச் சரி

வடக்கு மாசி வீதியில் ஒரு முட்டுச்சந்து,
பேட்டரிக் கடைக்கு மேல்மாடி.
ஞாயிறு நாலு மணிக்கு எட்டுப் பேர் கூடுவோம்.
உறை போட்ட அட்டைகளைக் குலுக்கி வைத்ததும்
ஆயுள் இருபதிலிருந்து இறங்கத் தொடங்கும்.

மந்திரம் இரண்டு ரகம்.
சாவகாசம் என்று ஒன்று:
உன் முறையில், மேசை காலியாய் இருக்கும்போது மட்டும்.
வெடுக்கு என்று மற்றது:
யார் முறையிலும், எதன் நடுவிலும்,
எதிராளி நீட்டிய கை மடங்குவதற்குள்.
பெயர் வைத்தவன் துளசிராம்.
அட்டையில் அச்சடித்த இங்கிலீஷ்
அவன் வாயில் ஒருநாளும் நின்றதில்லை.

புதிதாய் வருகிறவர் விழித்தால்
ஜன்னலைத் திறந்து கீழே காட்டுவார் ஜெபராணி.
ஒன்றன்பின் ஒன்றாய்ச் செருகிய வண்டிகள்.
கடைசியாய் வந்ததை எடுத்தால்தான்
அதற்கு முந்தினது நகரும்.
மந்திரமும் அப்படித்தான்.
நீ போட்டதன்மேல் அவன்,
அவன் போட்டதன்மேல் நீ,
அவிழ்வது பின்னாலிருந்து.
முதலில் கிளம்பிய நெருப்பு
கடைசியில்தான் வந்து சேரும்,
வந்து சேர்ந்தால்.

அன்று ஷமீம் வைத்தது அக்கினிக் கொத்து.
குறி, என் மூன்றுதலை நாரை.
என் கையில் வாயடைப்பு இருந்தது.
வெடுக்கு. இரண்டு நீல நிலம் போதும்,
இரண்டும் நிமிர்ந்தே இருந்தன.

"நாரைக்கு, அக்கா" என்றான்.
"சரி" என்றேன்.

மின்வாரியப் புகார்ப் பிரிவில் எனக்கு வேலை.
செல்லூரில் டிரான்ஸ்ஃபார்மர் புகைகிறது, சரி.
ஆரப்பாளையத்தில் கம்பி அறுந்து தொங்குகிறது,
சரி, கிட்ட போகாதீங்க.
விளாங்குடியில் கரண்ட் இருக்கு, ஆனா
ஃபேன் மட்டும் சோம்பலாச் சுத்துது,
சரிங்க, சரி.
ஒரு ஷிஃப்டுக்கு முன்னூறு சரி.
நாக்கு தானாய்ப் போடும், என்னைக் கேட்காது.

அட்டையை உருவினேன்.
ஷமீமின் விரல் நாரையைத் தொட்டிருந்தது.
இரண்டு கையும் பாதியில்.

ஜெபராணி எழுந்து வந்தார்.
நடுவர் என்று எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை,
பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர்,
விசில் உண்டு.
"எந்தச் சரி?" என்றார்.
"காதில் விழுந்ததுங்கிற சரியா,
நடக்கட்டும்ங்கிற சரியா?"

கீழே யாரோ டிஸ்டில்டு வாட்டருக்கு விலை பேசினார்கள்.
பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.
பொய்யும் வெடுக்குதான்,
அதற்கு நிலம்கூட வேண்டாம்.
ஷமீம் என் முகத்தைப் பார்க்கவில்லை.
சுவரில் போன வருஷத்துக் காலண்டரை
ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தான்.
கருணையா, கூச்சமா,
இன்றைக்கும் தெரியவில்லை.

"ரெண்டும் இல்ல டீச்சர். ஆபீஸ் சரி."

"அப்படியொரு சரி விதியில் இல்லை" என்றார்.
நாரை மயானத்துக்குப் போனது.

நாலு முறையில் நானும் போனேன்.
வாயடைப்பு கையிலேயே கிடந்தது.
அதற்குப்பின் அவன்
வாய் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இறங்கினோம்.
முதலில் வந்தவள் நான்,
என் ஸ்கூட்டி சுவரோடு ஒட்டி உள்ளே.
துளசிராமின் புல்லட் போய்,
பெயர் தெரியாத ஒருவரின் மொபெட் போய்,
அப்புறம் ஷமீம்.
கிக்கரை உதைத்துக்கொண்டே
"அக்கா, அந்தச் சரி..." என்று ஆரம்பித்தான்.
மிச்சத்தை வண்டி தின்றது.
"சரி, சரி, போ" என்றேன்.

திங்கட்கிழமை, முதல் அழைப்பு.
பைக்காராவிலிருந்து ஒரு பெண்.
மீட்டர் பெட்டியில பொறி பறக்குதுங்க,
தண்ணி ஊத்திரட்டுமா?

நாக்கு 'ச' வரைக்கும் போய்விட்டது.

"இருங்க" என்றேன்.

குடத்தைத் தரையில் வைக்கிற சத்தம்.

"இருக்கேன்."